கூந்தன்குளம் பக்கம் ஒரு முழு நாள்: எந்த நேரத்தில் எங்கே உட்காரலாம்?

கேள்வி: வயக்காட்டான்

பொங்கல் முடிந்த அடுத்த வாரம், பாளையங்கோட்டையிலிருந்து காரில் கிளம்பி, ஒரு நாள் முழுக்கப் பறவைகளும் மற்ற உயிர்களும் பார்ப்பதாகத் திட்டம். வருவது மூன்று பேர். அப்பாவுக்கு வயது 70, முழங்கால் வலி, படி ஏற முடியாது. மகளுக்கு 9 வயது. கையில் ஒரு 8x42 பைனாகுலர் உண்டு, பெரிய கேமரா இல்லை.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போவது உறுதி. கேட்க வேண்டியது இவைதான்: காலையில் எங்கே, மாலையில் எங்கே இருக்க வேண்டும்? நடுப்பகலை என்ன செய்வது? காட்சிக் கோபுரம் ஏறாமலே நன்றாகப் பார்க்க முடியுமா? பிள்ளைக்குச் சலிப்புத் தட்டாமல் என்ன காட்டலாம்? கூடு கட்டும் நேரம் என்பதால் எதைச் செய்யக்கூடாது?

பதில்: மடைவாய்

அண்ணாச்சி, ஒரே நாளில் நாலு குளத்துக்கு ஓட வேண்டாம். காலையில் ஒரு குளம், பகலில் ஒரு வயக்காடு, சாயங்காலம் மறுபடி அதே குளம். அலைந்தால் பறவையின் முதுகுதான் தெரியும். ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் அதுவே பக்கத்தில் வரும். அந்த வகையில் அப்பாவின் முழங்கால் உங்களுக்கு ஒரு தடையே இல்லை. மடக்கு நாற்காலி ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். நம்ம பக்கம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்கே இருக்கும், நீர்ப்பிடிப்பு மேற்கே விரிந்து கிடக்கும். காலையில் கரைப்பக்கம் இருந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். இறகின் நிறம், கால் நிறம், மூக்கு நிறம் எல்லாம் தெளிவாகத் தெரியும். அதே இடத்தில் சாயங்காலம் நாலரை மணிக்கு நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். அப்போது கரை வளைகிற வடகோடிக்கோ தென்கோடிக்கோ போய்விடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும். ஒவ்வொரு குளத்துக்கும் கரை கொஞ்சம் மாறும், அதனால் முந்தின நாளே செல்போனில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து கரை எந்தத் திசை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தை மாதத்தில் நமக்குச் சூரிய உதயம் சுமார் 6.40, அஸ்தமனம் 6.20க்குச் சற்று முன்பின். பாளையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக ஏறக்குறைய 35 கி.மீ. 5.40க்குக் கிளம்பினால் வெளிச்சம் வரும்போது இடத்தில் இருப்பீர்கள். ஏசி போட்டுக்கொண்டு போனால் இறங்கியதும் பைனாகுலர் கண்ணாடியில் ஆவி படிந்து பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. ஊர் நெருங்கும்போதே ஏசியை அணைத்துக் கதவுக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

கரையில் பலரும் செய்யும் தவறு உச்சியிலேயே நடப்பது. கரை மேல் நிற்கும் ஆள் வானத்தில் கோடு போட்டதுபோல் தெரிவான், வாத்துக் கூட்டம் 200 மீட்டர் தள்ளியே எழுந்துவிடும். கரையின் வெளிச்சரிவில், தண்ணீர் இல்லாத பக்கம் நடந்து போங்கள். பார்க்க வேண்டிய இடம் வந்ததும் மெதுவாக மேலேறி, ஒரு மரத்தையோ மடைத் தூணையோ ஒட்டி உட்காருங்கள். உட்கார்ந்த ஆளைப் பறவைகள் சீக்கிரம் மறந்துவிடும்.

கோபுரம் ஏறாவிட்டால் பெரிய இழப்பில்லை. மேலிருந்து கூட்டத்தின் அளவு தெரியும், அவ்வளவுதான். கூந்தன்குளத்தின் தனிச்சிறப்பே ஊருக்குள் இருக்கிறது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டுப் பக்கத்து மரங்களில் கூடு வைக்கும். தெருவில் உட்கார்ந்தே பார்க்கலாம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சார் என்ற சர்வதேச முக்கியத்துவ ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த இடம் இது. ஆனால் அதற்கெல்லாம் வெகு முன்பிருந்தே அந்த ஊர் மக்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள், தீபாவளிக்கு வெடி கூடப் போடுவதில்லை. அங்கே போகிறவர்கள் சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காலை 10 மணிக்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் கானல் ஆடத் தொடங்கும். நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பது எல்லாம் கலங்கித் தெரியும். பைனாகுலர் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் குளத்தை விட்டு விலகி, பக்கத்தில் இருப்பதைப் பார்க்கப் போங்கள்.

பதில்: உடைமரம்

மடைவாய் சொன்ன வெளிச்சக் கணக்கு சரி. தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் எந்தப் பறவை கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பி மறுகால் விழுந்திருந்தால், பொங்கல் சமயத்தில் தண்ணீர் ஆழமாக இருக்கும். அப்போது கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான், நாமக்கோழி, வாத்துகள் நன்றாகக் கிடைக்கும். உள்ளான் வகைகளுக்கு அங்கே நிற்க இடமே இராது. பொறி உள்ளானுக்கும் பச்சைக்காலிக்கும் விரல் ஆழத் தண்ணீரும் ஈரச் சேறும் வேண்டும். நெடுங்கால் உள்ளான் சாண் ஆழம் வரை இறங்கும். மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் முழங்கால் ஆழத்தில் மேயும். ஆகவே "நிறைந்த குளம், நிறையப் பறவை" என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்ற வற்றத்தான் சேற்று விளிம்பு வெளியே வரும், மீன்கள் ஒதுங்கிய பள்ளங்களில் நாரைக் கூட்டம் குவியும்.

நீங்கள் போகும் வாரத்தில் குளம் நிறைந்திருந்தால் கரையை விட்டு நீர்ப்பிடிப்பின் ஓரத்தைத் தேடுங்கள், அங்கேதான் ஆழம் குறைவு. இல்லாவிட்டால் பிந்தி நட்ட வயல். பிசானப் பருவ நெல் வளர்ந்து மூடிய வயலில் கொக்கு நின்றால்கூடத் தெரியாது. நட்டு மூன்று நாலு வாரமே ஆன வயலில் பயிருக்கு நடுவே தண்ணீர் தெரியும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நெடுங்கால் உள்ளான் எல்லாம் அங்கே கிடைக்கும்.

பட்டைத்தலை வாத்தைக் கட்டாயம் தேடுங்கள். வரித்தலை வாத்து என்றும் சொல்வார்கள். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டை. இரவிலும் விடியலிலும் வயலில் மேய்ந்துவிட்டுப் பகலில் குளத்து ஓரத்தில் கூட்டமாக ஓய்வெடுக்கும். கழுத்தில் நிற வளையம் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மங்கோலியாவில் வளையம் மாட்டப்பட்ட வாத்துகள் தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. இருந்தால் வளையத்தின் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வயல் பாதையில் காரைவிட்டு இறங்காதீர்கள். ஆள் இறங்கினால் பறக்கும் பனங்காடை, கார் பத்து மீட்டரில் நின்றாலும் கம்பியிலேயே உட்கார்ந்திருக்கும். என்ஜினை அணைத்துவிடுங்கள், ஓடிக்கொண்டிருந்தால் அந்த அதிர்வில் பைனாகுலர் ஆடும். ஒரு துணிப்பையில் ஒரு கிலோ அரிசி போட்டுக் கட்டிக் கதவுக் கண்ணாடி மேல் வைத்தால் கைக்கு நல்ல தாங்கல், பிள்ளையும் ஆடாமல் பார்க்கும்.

ஒரு எச்சரிக்கை. பாதையோரம் சீமைக்கருவேலம் வெட்டிப் போட்டிருப்பார்கள். அந்த முள் ரப்பர் செருப்பைத் தாண்டிக் காலில் ஏறும், டயரையும் விடாது. தடித்த அடி உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். வரப்பில் இறங்கினால் வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். எலி உள்ள இடத்தில் கண்ணாடி விரியனும் இருக்கும், புல் மூடிய வரப்பில் காலடி பார்க்காமல் பிள்ளையை முன்னே விடாதீர்கள்.

பதில்: எருக்கம்பூ

நடுப்பகலுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே பதில்தான்: எருக்கஞ்செடி.

பாதையோரத்தில் இலை கடிபட்ட எருக்கஞ்செடியாகப் பார்த்து நில்லுங்கள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி இதில்தான் முட்டை வைக்கும், ஓர் இடத்தில் ஒரு முட்டை, பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில். புழுவுக்குக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வரிகள், உடம்பின் மேல் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புபோன்ற இழைகள். அதே செடியிலோ பக்கத்துக் குச்சியிலோ கூட்டுப்புழு தொங்கும், பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். முட்டை, புழு, கூட்டுப்புழு, பறக்கும் பூச்சி நாலையும் ஒரே இடத்தில் தேடிக் கண்டுபிடி என்று சொல்லிவிட்டால் ஒன்பது வயதுப் பிள்ளை அரை மணி நேரம் அசையாது. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, இதை முதலில் சொல்லிவிடுங்கள். இலையைக் கிள்ளாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினால் போதும். முடித்ததும் கை கழுவ வேண்டும்.

இந்தப் புழுவைக் குருவிகள் ஏன் தின்பதில்லை என்று பிள்ளை கேட்கும். எருக்கம்பாலின் நஞ்சு புழுவின் உடம்பில் தங்கி, வளர்ந்த பூச்சி வரைக்கும் தொடர்கிறது. ஒரு முறை தின்று துப்பிய குருவி அந்த நிறத்தை மறுபடி தொடுவதில்லை. அதனால்தான் வெந்தய வரியன் அவசரமில்லாமல் தாழப் பறக்கிறது.

அடுத்தது பனை. ஒரு பனந்தோப்பில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தொங்கும் காய்ந்த ஓலைக்குள் பனை உழவாரன் போய்வரும். மட்டை உதிர்ந்த மொட்டைப் பனையில் பொந்து இருந்தால் பச்சைக்கிளியும் புள்ளி ஆந்தையும் இருக்க வாய்ப்புண்டு. கிளிக்குத் தை, மாசி இனப்பெருக்க காலம், பொந்து வாயில் சண்டையே நடக்கும். தூக்கணாங்குருவி இப்போது கூடு கட்டாது, பழைய கூடுகள் தொங்கும். எந்தப் பக்கத்து ஓலையில் அதிகம் என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில் கூடுதலாக இருக்கும். அவை கட்டிய மாதங்களில் காற்று மேற்கேயிருந்து அடித்தது என்பதுதான் காரணம். கீழே விழுந்த கூடு கிடைத்தால் கையில் எடுத்துப் பார்க்கலாம், உள்ளே சேற்று உருண்டை ஒட்டியிருக்கும்.

மடைப்பக்கம் தட்டான்கள். ஒரே குச்சியின் நுனிக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும் தட்டான் தன் எல்லையைக் காக்கிறது. அந்தக் குச்சியிலிருந்து மூன்றடி தள்ளி அசையாமல் இருந்தால் கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம்.

வயக்காட்டான்

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். அப்பா கண்ணாடி போட்டவர், பைனாகுலரில் கறுப்பு வளையம் தெரிகிறது, ஒரு கண்ணில் மங்கல் என்கிறார். வெள்ளைக் கொக்குகளை எப்படிப் பிரித்து அறிவது?

பதில்: நடுக்கொக்கு

கண்ணாடி போட்டவர் கண்குமிழை முழுவதும் உள்ளே தள்ளிவிட வேண்டும், ரப்பர் என்றால் மடித்துவிட வேண்டும். கண்ணாடி இல்லாதவர் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். பாதிக் கறுப்பு வளையம் இதிலேயே போய்விடும். மீதி, இரண்டு குழலுக்கும் இடையிலுள்ள தூரம். நடுக் கீலை மடக்கி விரித்து, இரண்டு வட்டம் ஒன்றாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

மங்கல் போக வேறு வேலை இருக்கிறது. முப்பது நாற்பது மீட்டரில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். வலக்குழலின் முன்கண்ணாடியைக் கையால் மூடி (கண்ணை இறுக்கி மூடினால் பார்வை மாறும், கையால் மூடுவதே நல்லது), இடக்கண்ணுக்கு எழுத்து கூர்மையாகும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடக்குழலை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண்குமிழின் வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். சில மாடல்களில் இந்த வளையம் வேறு இடத்தில் இருக்கும், கூட்டல் கழித்தல் குறி போட்டிருப்பதுதான் அது. அந்த நிலையைப் பேனாவால் குறித்துவையுங்கள். அடுத்தவர் வாங்கிப் பார்க்கும்போது அதுதான் முதலில் கலையும். அப்புறம் எல்லாத் தூரத்துக்கும் நடுச்சக்கரம் மட்டும் போதும்.

பறவையைப் பிடிக்க: வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணில் வைத்துக்கொண்டு தேடக்கூடாது. பிள்ளைகள் இதில்தான் சோர்ந்து போவார்கள்.

இனி கொக்குகள். முதலில் கால் விரலையும் மூக்கையும் பாருங்கள். மூக்கு கறுப்பு, கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. பறக்கும்போது விரல் இன்னும் தெளிவாகத் தெரியும். மாடு, டிராக்டர் பின்னால் திரிவது, குட்டைக் கழுத்து, மஞ்சள் மூக்கு என்றால் உண்ணிக்கொக்கு. கஷ்டம் நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும்தான். உயரத்தை நம்பாதீர்கள், பக்கத்தில் ஒப்பிட ஒன்று இல்லாமல் உயரம் ஏமாற்றும். வாய்க்கோட்டைப் பாருங்கள். வாய் பிளவு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் நடுத்தரக் கொக்கு. இதற்குக் காலை வெளிச்சம் வேண்டும், மாலையில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நாரைகளுக்கு இவ்வளவு வேலை இல்லை. மூக்கின் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி. நீண்டு நுனி லேசாக வளைந்த மஞ்சள் மூக்கு, ஆரஞ்சு முகம், வால்பக்கம் ரோஜா நிற இறகு என்றால் மஞ்சள் மூக்கு நாரை. இது மீனைக் கண்ணால் தேடாது. மூக்கைத் திறந்தபடி தண்ணீரில் விட்டு, காலால் கலக்கி, மீன் பட்டவுடன் மூடும். இதை அப்பாவோடு சேர்ந்து பத்து நிமிடம் பாருங்கள், ஒரு நாளின் அருமையான காட்சி அதுவாக இருக்கும்.

பதில்: இலுப்பைநிழல்

கூடு பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. இது எல்லாவற்றையும்விட முக்கியம்.

கூட்டிலிருந்து தாய்ப்பறவை எழுந்தால் இரண்டு ஆபத்து. காகமும் பருந்தும் முட்டையையும் சிறு குஞ்சையும் எடுத்துவிடும், அதற்கு ஒரு நிமிடம் போதும். இரண்டாவது வெயில். இறகு முளைக்காத குஞ்சு நிழல் இல்லாமல் நெடுநேரம் தாங்காது, தாய் சிறகை விரித்து நிற்பதே அதற்காகத்தான். ஆகவே பறவை எழும்வரை நெருங்கிப் பார்ப்பது என்ற பேச்சே கூடாது. அதற்கு முன்பே அறிகுறி காட்டும்: எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிரும், மேய்ச்சல் நிற்கும், கூட்டம் நெருங்கிச் சேரும், மெதுவாக உங்களுக்கு எதிர்த்திசையில் நடக்கும். தலை நிமிர்ந்தவுடன் நில்லுங்கள். மறுபடி மேயவில்லை என்றால் பின்வாங்குங்கள்.

கூடு உள்ள மரத்தடியில் வண்டியை நிறுத்த வேண்டாம், வீட்டு முற்றத்தில் இருந்தால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கைதட்டிப் பறக்கவைத்துப் படம் எடுக்கச் சொல்கிறவர்கள் எங்கும் உண்டு, அதற்கு உடன்படாதீர்கள். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம், எல்லை காக்கும் பறவை வேலையை விட்டு அலைந்து களைக்கும். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் தூக்காமல், தண்ணீர் ஊற்றாமல், அங்கேயுள்ள வனத்துறை ஊழியரிடம் சொல்லுங்கள்.

அப்பாவுக்காக இன்னொரு யோசனை. கூந்தன்குளத்தில் வெயில் தாங்காது என்று பட்டால், வேறொரு நாள் திருப்புடைமருதூர் போங்கள். முக்கூடல் பக்கம், தாமிரபரணிக் கரையில் நாறும்பூநாதர் கோயில். 2005இல் அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகம் (Conservation Reserve) அந்த இடம்தான். ஆற்றங்கரையின் பெரிய மரங்களில் நாரையும் கொக்கும் தங்கும், அரிவாள் மூக்கனும் உண்டு. நிழலில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் அடக்காதீர்கள், திருநெல்வேலிக்கு ஒன்று தெற்கே, மற்றது மேற்கே.

பதில்: மடைவாய்

சாயங்காலத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். ஐந்து மணியிலிருந்து கொக்கும் நீர்க்காகமும் மரத்துக்குத் திரும்பும். எண்ணிப் பழக இதைவிட நல்ல நேரம் இல்லை. பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து கூட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவை மீதிக் கூட்டத்தில் எத்தனை முறை வைக்கலாம் என்று கணக்கிடுங்கள். மகள் எண்ண, அப்பா குறிக்க, வேலை ஓடிவிடும். ஆரம்ப நேரம், முடிவு நேரம், இருந்த இடம், எண்ணிக்கை ஆகியவற்றை இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிட்டால் வருடக்கணக்கில் குளம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பவர்களுக்கு உதவும். பார்க்காததை ஊகித்து எழுத வேண்டாம், "கொக்கு, வகை தெரியவில்லை" என்பதும் நல்ல பதிவுதான்.

திரும்பும்போது ஏழு மணிவாக்கில் வயல் சாலையில் 20 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள். பகல் சூடு மிச்சமிருக்கும் தார்ச் சாலையில் பக்கி என்ற இரவுப் பறவை உட்கார்ந்திருக்கும், விளக்கொளியில் கண் மட்டும் செந்தணல்போல் மின்னும், வண்டி நெருங்கும்வரை எழாது. கண்ணைக் கண்டதும் நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, என்ஜினை அணைத்துக் காது கொடுங்கள். கோலிக்குண்டு சிமெண்டுத் தரையில் விழுந்து துள்ளித் துள்ளி அடங்குகிற மாதிரி ஒரு சத்தம் வயலிலிருந்து வந்தால், அது இன்னொரு பக்கி.